மெட்டை இடம் மாற்றியவர்கள்

(வத்திராயிருப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வத்திராயிருப்பில் நின்று இசையைப் பற்றிப் பேசுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. காவிரிக் கரையில் பேசினால் மும்மூர்த்திகளில் தொடங்கியாக வேண்டும். மயிலாப்பூரில் பேசினால் மார்கழி சீசனில் தொடங்கியாக வேண்டும். மேற்கே சதுரகிரி மலையும் கிழக்கே கரிசல் காடுமாகக் கிடக்கிற இந்த வட்டாரத்தில் அப்படி முன்கூட்டியே வகுத்து வைத்த வரிசை எதுவும் கிடையாது. அதனால் என் இசைப் பார்வையை உருவாக்கியவர்கள் யார் என்ற கேள்விக்கு எனக்குச் சரியென்று படுகிற இடத்திலிருந்தே பதிலைத் தொடங்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்டால் பலரும் தமக்குப் பிடித்த பாடகர்களின் பட்டியலைத்தான் கொடுப்பார்கள். ஒருவருக்கு மதுரை மணி ஐயரின் ஸ்வரம், இன்னொருவருக்கு எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரல். இருவருமே மதுரையில் பிறந்தவர்கள், முன்னவர் 1912-இல், பின்னவர் 1916-இல். அவர்களைக் கேட்டு மனம் நிறைவது ரசனை. பார்வை என்று நான் சொல்வது வேறு. எது சங்கீதம், எது வெறும் பாட்டு, எந்தப் பாட்டு எந்த இடத்தில் ஒலிக்கலாம், ஒரு மெட்டு யாருக்குச் சொந்தம் என்கிற கேள்விகளுக்கு நாம் யோசிக்காமலே கைவசம் வைத்திருக்கும் பதில்கள்தான் பார்வை. பழகிய இடத்திலிருந்து ஒரு மெட்டையோ ஒரு வாத்தியத்தையோ பெயர்த்து, அதுவரை அதற்கு இடமில்லாத ஒரு சபையில் கொண்டுபோய் வைத்தவர்களே அந்தப் பதில்களை அசைத்தார்கள் என்பது என் வாதம். அப்படிப்பட்டவர்களில் கணிசமானோர் இங்கிருந்து ஒரு நாள் பஸ் பயணத்துக்குள் அடங்கும் ஊர்களில் பிறந்தவர்கள் அல்லது வாழ்ந்தவர்கள்.

எட்டயபுரத்தில் தொடங்குகிறேன். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் தீபாவளி நாளில் அங்கேதான் காலமானார். அவருடைய சமாதியும் அங்கேதான் இருக்கிறது. அவர் எட்டயபுரம் போகக் காரணமாயிருந்தவர் அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர். குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் இருந்த காலத்தில், மணலி சின்னையா முதலியாரின் ஏற்பாட்டில் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டவர் அவர். பிறகு எட்டயபுரம் ஜமீனில் ஆஸ்தான வித்துவான் ஆனார். கர்நாடக சங்கீதத்துக்கு வயலினைக் கொண்டுவந்தவர் என்ற பெருமை அவருக்குத் தரப்படுகிறது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கும் அதில் பங்கு உண்டு. யார் முதல் என்பதை விட என்ன நடந்தது என்பதே நமக்கு முக்கியம். ஐரோப்பியர் நின்றுகொண்டு தாடைக்கடியில் இடுக்கி வாசிக்கும் கருவியை நம்மவர்கள் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு முனையை மார்பிலும் மறு முனையைக் குதிகாலிலும் தாங்கக் கொடுத்தார்கள். அதனால் இடது கைக்குக் கருவியைத் தாங்கும் வேலை இல்லாமல் போயிற்று; விரல்கள் தந்தியில் தாராளமாக வழுக்கி ஏறி இறங்க முடிந்தது. வயலினில் மெட்டுக்கட்டைகளும் கிடையாது. கமகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இன்று வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியை நம்மால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மரபு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதன் நடுவில் உட்கார்ந்திருப்பது ஒருகாலத்தில் வெளியிலிருந்து வந்த வாத்தியம். இதை அறிந்த பிறகு ‘அது நம் சங்கீதத்துக்கு ஒத்து வராது’ என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்டத் தோன்றுவதில்லை.

அதே எட்டயபுரத்தில் பாலுசுவாமியின் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர் 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி’யை அச்சிட்டு வெளியிட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் இருநூறுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் கமகக் குறியீடுகளுடன் அதில் இருக்கின்றன. பரம்பரைச் சொத்தாகப் பொத்தி வைத்திருந்ததை அச்சுக்குக் கொடுக்க அவர் முதலில் தயங்கினார். அவரை இசைய வைத்ததில் பெரும் பங்கு ஏ.எம். சின்னசாமி முதலியாருக்கு உண்டு. அவர் கிறிஸ்தவர், சென்னையில் அரசாங்க உத்தியோகஸ்தர். நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஸ்வரக் குறிப்பில் எழுதி வெளியிட்டவர். ஒரு வைதிகக் குடும்பத்தின் வாய்மொழிச் சொத்தை ஒரு கிறிஸ்தவரின் வற்புறுத்தலும் ஒரு ஜமீனின் ஆதரவும் சேர்ந்து காகிதத்தில் ஏற்றின. புத்தகம் தெலுங்கு எழுத்தில் வந்தது என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். சென்னை மியூசிக் அகாடமி பின்னாளில்தான் அதைத் தமிழ் எழுத்தில் பதிப்பித்தது. அந்தப் புத்தகம் உருவாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில், காசியிலிருந்து திரும்பிய ஓர் இளைஞர் அதே அரண்மனையில் வேலை பார்த்தார். அவர் பாரதி. பாஷை புரியாத கீர்த்தனைகளையே திரும்பத் திரும்பப் பாடும் வித்துவான்களைப் பின்னாளில் ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில் கடிந்துகொண்டவர். பழையதை ஸ்வரம் பிசகாமல் காக்க வேண்டும் என்ற நிலையும், புதியதைப் பாடு என்ற நிலையும் ஒரே சின்ன ஊரில், ஒரே கூரைக்கடியில் இருந்திருக்கின்றன. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நம்முடைய வழக்கம். எனக்கு அந்த அவசியம் தெரியவில்லை. சுப்பராம தீட்சிதர் எழுதி வைத்திராவிட்டால் எதிலிருந்து எது மாறியது என்று சொல்லவே நமக்கு ஆதாரம் இருந்திருக்காது.

தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதரையும் இந்த இடத்தில் சேர்த்துக்கொள்கிறேன். தஞ்சாவூரில் சித்த வைத்தியராக வாழ்ந்து, 1912 முதல் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் ‘கருணாமிர்த சாகர’த்தை வெளியிட்டவர். ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் என்ற கணக்கை மறுத்து 24 என்று வாதிட்டார். கர்நாடக சங்கீதத்தின் வேரைச் சிலப்பதிகாரத்தில் காட்ட முயன்றார். அவருடைய சுருதிக் கணக்கை இன்றைய ஆய்வாளர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் மெட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைத் தமிழில், பக்கம் பக்கமாக, ஆதாரங்களோடு கேட்கலாம் என்று காட்டியவர் அவர்.

புத்தகங்களை விட்டு ரோட்டுக்கு வருவோம். சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இருபத்தைந்து வயதை ஒட்டிக் காலமானவர். 1891-இல் மறைந்தார் என்பார்கள். திருவாவடுதுறை மடத்தில் படித்துவிட்டு ஊற்றுமலை ஜமீனில் புலவராக இருந்தவர். ஊற்றுமலை ஜமீன்தார் மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்தபோது வழிநடைக்காகப் பாடியதே அவருடைய ‘காவடிச் சிந்து’. மடத்தில் யமகமும் திரிபும் பயின்ற ஒரு புலவர், காவடி தூக்குகிறவர்களின் கால் நடைக்கு யாப்பை இறக்கினார் என்று பலரும் எழுதுகிறார்கள். இறக்கினார் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. சிந்தின் இயைபுகளையும் முடுகுகளையும் பார்த்தால், மடத்துப் படிப்பு முழுக்க அங்கேதான் செலவாகியிருக்கிறது என்று தெரியும். காவடிச் சிந்து என்றதும் காதில் விழுவது செஞ்சுருட்டி. அந்த ராகத்தின் அமைப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். அது மேல் ஷட்ஜத்துக்கு ஏறுவதில்லை, நிஷாதத்தோடு நின்றுகொள்கிறது. அங்கிருந்து இறங்கி, நடு ஷட்ஜத்தையும் தாண்டி, கீழ் ஸ்தாயியின் தைவத பஞ்சமங்களைத் தொட்டுத் திரும்புகிறது. உச்சத்தில் குரலைப் பிடித்து நிறுத்தும் வேலை அதில் இல்லை. தோளில் சுமையோடு வெயிலில் நடந்துகொண்டே, பத்துப் பேர் பல சுருதிக் குரலில் சேர்ந்து பாட இதைவிடத் தோதான ராகம் அமைவது கடினம். திஸ்ர நடை காலடியோடு ஒட்டிக்கொள்கிறது. ரோட்டில் பிறந்த அந்த மெட்டு பிறகு கச்சேரியின் கடைசிப் பகுதிக்குப் போயிற்று, பாரதியின் சிந்துகளுக்குப் போயிற்று, நாடக மேடைக்கும் போயிற்று.

இனி நம் கண்முன்னே கோபுரமாக நிற்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் பாடிய திருப்பாவைக்கு இன்று தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த மெட்டுகளை அமைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். 1890-இல் காரைக்குடிக்கு அருகே பிறந்தவர், பூச்சி ஐயங்கார் எனப்பட்ட ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்காரின் சீடர், 1967-இல் மறைந்தார். இன்றைய கச்சேரி முறையை வகுத்தவர் என்று அவரைப் புகழ்வார்கள். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய காரியம் திருப்பாவைதான். முதல் ஐந்து பாசுரங்களுக்கு அவர் வைத்த ராகங்களை வரிசையாகச் சொல்கிறேன்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. வீணை வித்துவான்கள் தானம் வாசிக்கும் கன ராக பஞ்சகம் இது; தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளும் இதே வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. தற்செயலாக அமையக்கூடிய வரிசை இல்லை. திருவையாற்றில் ஆராதனைப் பந்தலில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்கும் ராக வரிசை, நாளுக்கொரு பாசுரமாகக் கேட்கிறவருக்கு மார்கழி ஐந்தாம் தேதி விடிவதற்குள் கிடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு சங்கராபரணம், பைரவி, தோடி, கல்யாணி, காம்போதி எல்லாம் வருகின்றன. ஒன்பதாம் பாசுரத்துக்கு ஹமீர்கல்யாணி, இருபத்திரண்டுக்கு யமுனா கல்யாணி, இருபத்தைந்துக்கு பெஹாக் என்று வடக்கத்தி வாசனையுள்ள ராகங்களும் உண்டு. இருபதாம் பாசுரத்துக்கு என்ன ராகம் தெரியுமா? செஞ்சுருட்டி. கழுகுமலை ரோட்டில் கேட்ட ராகத்தைத் தோடிக்கும் காம்போதிக்கும் சமமாக, தாயார் பாசுரத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். எம்.எல். வசந்தகுமாரி பாடிய இசைத்தட்டு வந்தது. கோயில்களில் குழாய் ஒலிபெருக்கி கட்டினார்கள். சபாவில் ஒரு டிக்கெட்கூட வாங்கியிராத குடும்பங்கள், ராகத்தின் பெயர் தெரியாமலே வராளிக்கும் கௌளைக்கும் காதைப் பழக்கிக்கொண்டன. அரியக்குடியின் கச்சேரிகளைக் கேட்டவர்களைவிட, அவர் பெயரே தெரியாமல் அவர் மெட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் பல மடங்கு இருப்பார்கள்.

இதற்கு ஒரு கடுமையான ஆட்சேபம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் அரையர் சேவை இருக்கிறது. நாதமுனிகள் நாலாயிரத்தைத் தொகுத்து இசையமைத்துத் தம் மருமக்கள் இருவருக்குக் கற்பித்தார், அந்த வழியில் வந்தவர்களே அரையர்கள் என்பது வைணவ மரபு. கூம்புக் குல்லாய் அணிந்து, கையில் தாளத்தோடு, பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, வியாக்கியானம் சொல்லும் அந்தச் சேவை இன்று ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை போன்ற ஒரு சில தலங்களில்தான் எஞ்சியிருக்கிறது. கோஷ்டியில் திருப்பாவை சேவிப்பதற்கும் ஒரு முறை உண்டு. இவ்வளவு பழைய முறைகள் இருக்க, கச்சேரி வித்துவான் ஒருவர் போட்ட மெட்டு அவற்றை மறைத்துவிட்டதே என்பது ஆட்சேபம். இதில் பாதி உண்மை. திருப்பாவைப் பாசுரம் எட்டு அடிகள் ஒரே ஓட்டமாக ஓடி, கடைசியில் எல்லாப் பாசுரத்துக்கும் பொதுவான அந்த முடிப்பில் வந்து விழும். பாரம் முழுவதும் வாலில் இருக்கிறது. கீர்த்தனை மெட்டு அப்படியில்லை; முதல் அடிகளைப் பல்லவியாக்கி, சங்கதி போட்டு, பாடி முடித்ததும் மறுபடி அங்கேயே திரும்புகிறது. கோஷ்டியில் கேட்பவருக்கு முடிப்பு நெஞ்சில் நிற்கிறது. இசைத்தட்டில் கேட்பவருக்குத் தொடக்கம் நிற்கிறது. இது இழப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறைத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அரையர் சேவை குறிப்பிட்ட சந்நிதிக்கும் குறிப்பிட்ட குடும்பங்களுக்கும் உரியது. அதன் விதியே அது இடம் மாறக் கூடாது என்பது. அதில் இன்று அபிநயமும் வியாக்கியானமும் மேலோங்கி இசை பின்னால் நிற்கிறது. அரியக்குடி அரையர்களின் மெட்டை எடுத்து மாற்றவில்லை. பாசுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு அரையர் சேவை வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டிருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. சந்நிதியில் இருந்தது சந்நிதியில் இருக்கிறது. வெளியே, அதுவரை ஒன்றும் ஒலிக்காத இடங்களில், இது ஒலித்தது.

நாடக மேடையை விரைவாகக் கடந்துவிடுகிறேன், அது தனி உரைக்குரியது. தூத்துக்குடிப் பக்கத்துச் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் பாலர் சபை தொடங்கினார். செங்கோட்டையில் 1906-இல் பிறந்து 1933-இல், இருபத்தேழு வயதில், இறந்துபோன எஸ்.ஜி. கிட்டப்பா வள்ளி திருமண வேடத்தோடு நின்றுகொண்டு தியாகராஜ கீர்த்தனையும் பாடினார். தரை டிக்கெட்காரர் அதை ‘ஒன்ஸ்மோர்’ கேட்டு வாங்கினார்.

காருகுறிச்சி அருணாசலம் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். 1921-இல் பிறந்தவர், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், கோவில்பட்டியில் வாழ்ந்தவர், 1964-இல் மறைந்தார். 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலுக்கு அவர் வாசித்த நாயனத்தைத் தெரியாதவர் இந்த அவையில் இருக்க மாட்டார். நான்கு மாட வீதிக்குக் கேட்க வேண்டிய வாத்தியம், ஒரு பெண் குரலுக்கு வழி விட்டு, அது முடித்த இடத்தில் மெல்ல எடுத்து, அதே பிருகாவைத் திருப்பிச் சொல்கிறது. நாதஸ்வரத்தை அடக்கி வாசிப்பது ஊதித் தள்ளுவதைவிடச் சிரமம் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். அந்தப் பாட்டின் ராகம் ஆபேரி. சற்று முன் சொன்ன சுப்பராம தீட்சிதரின் புத்தகத்தில் ஆபேரியைத் திறந்து பார்த்தால் அங்கே சுத்த தைவதம் இருக்கும். காருகுறிச்சி வாசித்ததும் இன்று ‘நகுமோமு’வில் நாம் கேட்பதும் சதுச்ருதி தைவதம். எட்டயபுரத்துக்கும் கோவில்பட்டிக்கும் ஒரு மணி நேர பஸ் தூரம்கூட இல்லை. அறுபது ஆண்டு இடைவெளியில் அதே பெயரில் வேறொரு ராகம் குடியேறிவிட்டது. இதைக் கேட்டுச் சாஸ்திரம் கெட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. மாற்றத்தைக் குற்றமாகப் பார்ப்பதை நிறுத்த எனக்குக் கைகொடுத்தது இந்த ஒரு தைவதம்.

வாதத்தின் பலவீனமான இடத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். இடம் மாற்றியவர்கள் என்று நான் பெயர் சொன்னவர்கள் எல்லாரும் மேல்நோக்கி மாற்றியவர்கள், அல்லது ஜமீன், அச்சகம், இசைத்தட்டு, சினிமா என்று ஏதோ ஒன்றின் துணை பெற்றவர்கள். கொடைக்குக் கொடை கரகத்தோடு போய் விடிய விடிய வாசிக்கும் நையாண்டி மேளக்காரரை இந்தப் பட்டியலில் காணோமே என்று கேட்டால், கேள்வி நியாயமானது. ராஜரத்தினம் பிள்ளை பாரி நாயனத்தை நிலைநிறுத்திய பிறகு பெரிய மேளத்தின் சுருதி தணிந்தது. நையாண்டி மேளமோ திமிரியின் உச்சச் சுருதியிலேயே நின்றது. திமிரியில் தோடி வாசிக்கிறவரும் தோடிதான் வாசிக்கிறார், சினிமா மெட்டை அதே மூச்சில் தொடுத்து வாசிக்கிறார். இடம் மாற்றுவதே அவருடைய அன்றாட வேலை. பெயர் விட்டுப்போனதற்குக் காரணம் அவருக்கு ஒரு சுப்பராம தீட்சிதர் கிடைக்காததுதான். இதனால் என் வாதம் உடைவதாக நான் நினைக்கவில்லை, பட்டியல்தான் குறையுடையதாகிறது.

கடைசியாக, மலைக்கு அந்தப் பக்கம் பண்ணைப்புரத்துக்காரரை விட்டுவிட்டாயே என்று பலரும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இளையராஜாவைப் பற்றி ஒரே ஒரு பாட்டை வைத்துச் சொல்கிறேன். 1985-இல் வந்த ‘சிந்து பைரவி’யில் சித்ராவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு. நாட்டுப்புற மெட்டில் தொடங்குகிற அந்தப் பாட்டு, போகப் போகத் தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’யில் போய்ச் சேருகிறது. கீர்த்தனையின் ராகம் காம்போதி. படத்தில் அது சாரமதியில் பாடப்படுகிறது. நாட்டு மெட்டும் சாரமதியில் இருப்பதால் இரண்டும் தையல் தெரியாமல் ஒட்டிக்கொள்கின்றன. அன்று இதற்கு எதிர்ப்பு வந்தது, தியாகராஜரின் மெட்டை மாற்ற இவருக்கு என்ன உரிமை என்று. தியாகராஜர் தாமே மெட்டமைத்தவர், அந்த மெட்டு சீடர் வழியாக வந்திருக்கிறது, எனவே பாசுரத்துக்கு மெட்டுப் போடுவதும் இதுவும் ஒன்றல்ல என்ற அளவில் அந்தக் கேள்விக்குப் பலம் உண்டு. ஆனால் சீர்காழி அருணாசலக் கவியின் இராம நாடகப் பாடல்களும் தமக்குரிய ராகங்களோடு எழுந்தவைதான். அவற்றில் பலவற்றுக்கு அரியக்குடி புது மெட்டு அமைத்தார். இன்று சபாக்களில் அந்த மெட்டுகளையே பாடுகிறார்கள், பழைய ராகம் எது என்று கேட்பாரும் இல்லை. அரியக்குடிக்கு இருந்த உரிமை பண்ணைப்புரத்தாருக்கு ஏன் இல்லை என்பதற்குச் சங்கீதத்துக்குள்ளிருந்து ஒரு காரணம் சொல்லப்பட்டு நான் இன்னும் படிக்கவில்லை.